எண் எழுதாத பலகை

பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மூன்றும் முதல் தாளில் என் கையெழுத்தில் உள்ளன. வயது ஐம்பத்து நான்கு. பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் தடகளப் பயிற்சியாளராக இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வளாகத்துக்குள்ளேயே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள பணியாளர் குடியிருப்பில் மனைவியுடன் வசிக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். மாணவர்களும் பெற்றோர்களும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். இன்று என்னை யாரும் அழைத்து வரவில்லை. காலை ஒன்பது மணிக்கு நானாகக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்து, இறந்துபோன மாணவனைப் பற்றி நான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு இடங்கள் பொய் என்று சொல்லி, திரும்ப எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். முன்னதை மாற்றினால் அது எனக்கே பாதகமாக முடியலாம் என்று விசாரணை அதிகாரி எடுத்துச் சொன்னார். அது தெரிந்துதான் வந்தேன்.

இறந்த மாணவன் இரண்டாம் ஆண்டு படித்தவன். வயது பத்தொன்பது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து வந்தவன். நூறு மீட்டர், இருநூறு மீட்டர் ஓடுவான், ரிலேயில் முதல் ஆள். தீக்குச்சி என்று அவனுக்குப் பெயர் வைத்தது நான்தான். ஒல்லியாக இருப்பான், துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பற்றிக்கொள்வான், அதனால் அந்தப் பெயர். பிறகு ஆசிரியர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவனும் கோபித்துக்கொண்டதில்லை. அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன்: குறைந்த தூரம் ஓடுபவன் உடம்பு வேறு, நெடுந்தூரம் ஓடுபவன் உடம்பு வேறு. இவனுடையது இருபத்திரண்டு வினாடிக்காகப் பழக்கிய உடம்பு. வாரத்துக்கு ஒருநாள் நான்கு சுற்று மெதுவாக ஓடச் சொன்னாலே, என்னிடம் வேகம் கேளுங்கள் மாஸ்டர், தூரம் மட்டும் கேட்காதீர்கள் என்று மூக்கால் அழுவான். அவனைப் பழக்கியவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். விளையாட்டு மாணவர்கள் யாராவது தப்பு செய்தால் முதலில் நான் மைதானத் தண்டனை கொடுப்பேன். பொருள் அறையின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் பெயரையும், பக்கத்தில் எத்தனை சுற்று என்ற எண்ணையும் எழுதுவேன். என்ன தப்பு என்று எழுதமாட்டேன். ஓடி முடித்ததும் அவரவர் பெயரை அவரவரே அழிக்க வேண்டும், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஓடும்போது யாரும் அவர்களோடு பேசக்கூடாது, கூட ஓடக்கூடாது, தண்ணீர் கொடுக்கக்கூடாது. ஆரம்ப காலத்தில் தண்டனை ஓடுபவனைச் சுற்றி நின்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஒருவன் அழுதுகொண்டே ஓடியதைப் பார்த்த பிறகுதான், அவமானம் இல்லாமல் ஓடி முடிக்கட்டும் என்று இந்தப் பேசாக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தேன். நல்ல எண்ணத்தில் செய்தது. நல்ல எண்ணத்தில் செய்ததாலேயே அதைத் திரும்ப ஒருமுறை யோசித்துப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

இன்னொரு விதியும் உண்டு. தண்டனையாக இருந்தாலும் பயிற்சியாக இருந்தாலும், ஓடுகிறவர் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினால் முடியவில்லை என்று பொருள். அதைப் பார்த்த நிமிஷமே நான் நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்கள் சேரும் நாளில் பெற்றோர்களைப் படிக்கட்டில் உட்கார வைத்து இதைச் சொல்வேன். போன வருஷம் அந்தக் கூட்டத்தில் இவனுடைய தாயார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப ஓட வைப்பீர்களா என்று கேட்டார். உங்க பிள்ளை கை தூக்கினா நான் நிறுத்திடுவேம்மா, அதுக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். அவர் அதை நம்பித்தான் பெட்டியை விடுதியில் வைத்துவிட்டுப் போனார்.

தாயார் அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். வெளுத்து வரும் விரிப்புகளை மடித்து, எண் பார்த்து, வார்டு வார்டாக அடுக்குவது அவர் வேலை. தகப்பனார் இல்லை. வேறு பிள்ளைகளும் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சென்ற மாதம் இரண்டாம் தேதி பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ரிலேயில் தோற்றோம். உடை மாற்றும் அறையில் நான்காவது ஆளாக ஓடிய மாணவன், இவனுடைய துண்டை எடுத்து எல்லோருக்கும் விரித்துக் காட்டினான். மருத்துவமனையில் கழித்துவிடும் பழைய துண்டுகளை ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் தாயார் கொடுத்தனுப்பிய துண்டு அது, ஓரத்தில் மருத்துவமனை முத்திரை இருந்தது. பிணத்தைத் துடைத்த துண்டு என்றும், அதை மடித்த கையைப் பற்றி இன்னொரு வார்த்தையும் அவன் சொன்னான். இவன் ஆணி ஷூ இருந்த பையை வீசி முகத்தில் அடித்தான். முன்பல் ஒன்று உடைந்து, உதட்டில் நான்கு தையல் போட்டார்கள். அடிபட்டவனின் தகப்பனார் துணைவேந்தருக்குப் புகார் எழுதினார். புகாரில் துண்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

அடித்தது தப்பு என்று இவன் என்னிடம் ஒத்துக்கொண்டான். ஏன் அடித்தான் என்பதை மட்டும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் சொல்லமாட்டேன் என்றான். விசாரணைக்குப் பெற்றோர் கட்டாயம் வர வேண்டும் என்று விதி இருக்கிறது. தாயார் வருவார், அவர் காதில் அந்த வார்த்தை விழக்கூடாது என்றான். என்னையும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டான். நான் சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவன் இறந்த பிறகு தாயாருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது, அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மாணவன் மீது அடிதடிப் புகார் நிரூபணமானால் ஒரு வருஷம் அணியிலிருந்து நீக்கலாம். அணியில் பெயர் இல்லை என்றால் ஒதுக்கீட்டு இடம் போகும், இடம் போனால் விடுதி அறை போகும். பேருக்கு ஒரு வருஷம், உண்மையில் வீட்டுக்கு அனுப்புவது. ஆனால் அதே விதிப் புத்தகத்தில், துறை ஏற்கெனவே கொடுத்த தண்டனையைக் குழு கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இதுவரை பதினொரு பேரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. விடுதிக் காப்பாளருக்கு அது பிடிக்காது. போன தடவை ஒரு விசாரணையில், தினம் ஓடுகிறவனுக்கு இருபது சுற்று தண்டனையா, மாடிப்படி ஏறுகிறவனுக்கு மாடிப்படி தண்டனையா என்று எல்லோர் முன்னாலும் நக்கலடித்தார். அது என் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. இந்தத் தடவை அவர் வாயை அடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

விசாரணை பதினான்காம் தேதி காலை பத்தரைக்கு. குழு கூடும் அறை நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. அதன் ஜன்னல்கள் மைதானத்தைப் பார்த்தவை. பத்தே கால் மணிக்கு அவனைப் பலகைக்குக் கூட்டிப்போனேன். பெயரை எழுதினேன். எண் எழுதும் இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன். இருபத்தாறு வருஷத்தில் எண் எழுதாமல் விட்டது அன்றைக்குத்தான். எத்தனை மாஸ்டர் என்று கேட்டான். நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"நான் சொல்ற வரைக்கும். நீ கீழ ஓடு, நான் மேல பேசறேன். நீ ஓடறது அவங்க கண்ணுல பட்டாத்தான் என் பேச்சு எடுபடும்."

அவன் சரி மாஸ்டர் என்று சொல்லி ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினான். காலையில் சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை. விசாரணை பயத்தில் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அறை நண்பன் பிறகு சொன்னான்.

அதன் பிறகு நான் மாடிக்குப் போனேன். அறைக்கு வெளியே நடைவழிப் பெஞ்சில் தாயார் உட்கார்ந்திருந்தார். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மடியில் துணிப்பையும் அதற்குள் ஒரு சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. நடைவழி ஜன்னல் பின்பக்க வண்டி நிறுத்தத்தைப் பார்த்தது, அங்கிருந்து மைதானம் தெரியாது. பையன் எங்கே என்று கேட்டார். கீழே இருக்கிறான், கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் வேதியியல் பேராசிரியை, கறாரானவர், நியாயமானவர். விடுதிக் காப்பாளர், மாணவர் நலத் தலைவர், சட்ட ஆலோசகர், தட்டச்சு செய்யும் பெண் ஆகியோர் மற்றவர்கள். புகாரைப் படித்தார்கள். மாணவன் எங்கே என்று தலைவர் கேட்டதும், எழுந்து ஜன்னலைக் காட்டி, துறைத் தண்டனை நடந்துகொண்டிருக்கிறது, நீங்களே பாருங்கள் என்றேன். எல்லோரும் பார்த்தார்கள். எத்தனை சுற்று என்று காப்பாளர் கேட்டார். எண் இல்லை, நான் நிறுத்தச் சொல்லும்வரை என்று பதில் சொன்னேன். அவர் வாயடைத்துப் போனார். அந்த நேரத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதன் பிறகு ஏன் அடித்தான் என்ற கேள்வி வந்தது. வாக்குக் கொடுத்திருந்ததால் சொல்ல முடியவில்லை. கோபத்தில் அடித்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். காரணம் இல்லாத கோபம் ஆபத்தானது என்று சட்ட ஆலோசகர் அதையே பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்வியைச் சுற்றியே பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் பதினொரு மணிக்கே எல்லாம் முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பதினொன்று இருபதுக்குத் தேநீருக்காகப் பத்து நிமிஷம் கலைந்தார்கள். நான் நடைவழிக்கு வந்தேன். தாயார் எழுந்து நின்று, பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார். ஓடிக்கொண்டிருக்கிறான், அது அவனுக்கு நல்லதுக்குத்தான், உள்ளே பேச்சு நம் பக்கம் திரும்புகிறது என்று சொன்னேன். வெயிலாக இருக்கிறதே, சாப்பிட வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். முடியட்டும்மா, இன்னும் பத்து நிமிஷம் என்றேன். அவர் சரி மாஸ்டர் என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கீழே போகும் படிக்கட்டு ஏழடி தூரத்தில் இருந்தது. நான் ஒரு வார்த்தை வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார்.

இப்போது சொல்லப்போவது முன் வாக்குமூலத்தில் இல்லாதது. மறுபடி உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து, ஏறக்குறைய பதினொன்றே முக்காலுக்கு, நான் தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவன் ஜன்னலுக்கு நேர் கீழே ஓடி வந்துகொண்டிருந்தான். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அது அவன் ஓடும் விதம் இல்லை. மாடியை நிமிர்ந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினான். சரியாகத் தூக்கினான், பாதியில் விடவில்லை.

அதே நேரத்தில் குழுத் தலைவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பையன் இன்னும் ஓடுகிறானே, மனசு மாறியவன் மாதிரித்தான் தெரிகிறது என்று சொன்னார். காற்று எங்கள் பக்கம் அடிக்க ஆரம்பித்துவிட்டது, இந்த நேரத்தில் அவன் நின்றால் கெட்டுவிடும் என்று நினைத்தேன். நான் கையை நீட்டி ஒரு விரலைக் காட்டினேன். எங்கள் மைதானத்தில் அதற்கு இன்னும் ஒரு சுற்று என்று பொருள். அவன் தலையை ஆட்டினான். கையை இறக்கிக்கொண்டு ஓடினான்.

அதன் பிறகு, கணினியில் வெளிச்சம் அடித்து எழுத்து தெரியவில்லை என்று தட்டச்சு செய்யும் பெண் சொன்னார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான் என்பதால் எழுந்து ஜன்னல் துணியை நானே இழுத்து மூடினேன். அவன் அந்த ஒரு சுற்றை முடித்துவிட்டுத் திரும்ப வரும்போது மாடியில் துணி மட்டும்தான் தெரிந்திருக்கும். ஒரு சுற்றுக்குப் பிறகு திரும்பப் பார்க்க வேண்டும் என்பதை நான் மறந்தேன். சத்தியமாக மறந்தேன். அதைக் குறைத்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை.

பன்னிரண்டு பத்துக்குத் தலைவர் உத்தரவைச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டச்சு செய்தார். துறை கொடுத்த தண்டனை போதுமானது, எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், படிப்பையும் அணியையும் தொடரலாம் என்று உத்தரவு. தாயாரை உள்ளே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அவர் ஐந்து பேருக்கும் தனித்தனியாகக் கை கூப்பினார், தட்டச்சு செய்யும் பெண்ணுக்கும் சேர்த்து. அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும். முத்திரை வைக்கும் எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். முத்திரை போட்ட தாளைக் கையோடு கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்த எழுத்தர் கை கழுவி வரும்வரை கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். காப்பாளரிடம் சிரித்துக்கூடப் பேசினேன்.

பன்னிரண்டரைக்கு நானும் தாயாரும் ஒன்றாகப் படியிறங்கினோம். தாள் என் கையில், டப்பா அவர் கையில். ஆறிப்போயிருக்கும், பரவாயில்லை, பசிக்கு ருசி தெரியாது அவனுக்கு என்று சொல்லிச் சிரித்தார். மைதானத்துக்குள் திரும்பியதும் இரண்டாவது வளைவில் கூட்டம் தெரிந்தது. அவர் என்னைக் கேட்காமல் ஓட ஆரம்பித்தார். நான் பயிற்சியாளன், அவருக்குப் பின்னால்தான் போய்ச் சேர்ந்தேன்.

அவன் ஓடுபாதையின் உள் கோட்டில் ஒருக்களித்து விழுந்திருந்தான். உடம்பு நெருப்பாகச் சுட்டது, வியர்வை துளியும் இல்லை. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் முனகினான். தண்ணீர் ஊற்றி, நிழலுக்குத் தூக்கிப் போய், ஆம்புலன்சில் ஏற்றினோம். தாயார் வேலை பார்க்கும் அதே மருத்துவமனைக்குத்தான் போனோம். உடம்புச் சூடு ஏறிச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டதாக மருத்துவர் சொன்னார். மூன்று நாள் கழித்து, பதினேழாம் தேதி மாலை நான்கு மணிக்கு இறந்தான். அந்த மூன்று நாளும் தாயார் அழுது நான் பார்க்கவில்லை. ஒருமுறை மட்டும், அவன் படுத்திருந்த விரிப்பின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இது திங்கட்கிழமை நான் மடிச்சது மாஸ்டர் என்று சொன்னார். நான் அறையைவிட்டு வெளியே போய்விட்டேன்.

மைதானத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை, மைதானப் பராமரிப்பாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஓடுபாதையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் என்பதால் பிள்ளைகள் அவரைச் சுண்ணாம்பண்ணன் என்பார்கள். தண்டனை ஓட்டத்தில் சுற்றுகளை எண்ணுவது அவர் வேலை. எண் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் பலகையில் கோடு கிழித்துக்கொண்டே வந்திருக்கிறார். மொத்தம் நாற்பத்து மூன்று. நான் விரல் காட்டியது முப்பத்தோராவது சுற்றில். அதற்குப் பிறகு பன்னிரண்டு சுற்று ஓடியிருக்கிறான், ஒவ்வொன்றிலும் அந்த இடத்துக்கு வந்ததும் மாடியை நிமிர்ந்து பார்த்திருக்கிறான். மேலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன் மாஸ்டர் என்று சுண்ணாம்பண்ணன் சொன்னார். அவர் மேல் பழி போடக்கூடாது. நான் போட்ட விதியைத்தான் அவர் காப்பாற்றினார்.

முப்பத்தெட்டாவது சுற்றில் ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு ஓடுபாதைக்குள் இறங்கியிருக்கிறான். உதட்டில் தையலோடு இருந்த அந்த நான்காவது ஆள்தான். தண்டனையில் இருப்பவனுக்குத் தண்ணீர் கூடாது, மாஸ்டர் திட்டுவார் என்று சுண்ணாம்பண்ணன் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நாற்பதாவது சுற்றில் அவருக்கே மனசு கேட்காமல், விதியை மீறி, கூடவே நாலடி ஓடி, போதும்பா நில்லு என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அவன் சொன்னதை அவர் என்னிடம் சொன்னபடி எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

"மாஸ்டர் எனக்காக மேல பேசிட்டிருக்காருண்ணே."

இனி முன் வாக்குமூலத்தைப் பற்றி. பதினேழாம் தேதி இரவு பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, மாணவன் தானாக விருப்பப்பட்டுப் பயிற்சி ஓடியதாகச் சொன்னால் எல்லோருக்கும் நல்லது, பல்கலைக்கழகத்தின் பெயரும் கெடாது, உங்கள் வேலைக்கும் ஆபத்தில்லை என்றார். அவர் வற்புறுத்தவில்லை. நானே பயந்து ஒத்துக்கொண்டேன். மறுநாள் இந்த நிலையத்தில், அவன் தானாக ஓடினான் என்று சொன்னேன். அவனிடமிருந்து எந்தச் சைகையும் நான் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அந்த இரண்டும்தான் பொய். பலகையை அதற்கு முன்பே யாரோ கழற்றிப் பொருள் அறைக்குள் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். பெயரும் கோடுகளும் இன்னும் அழியவில்லை. ஓடியவன்தான் அழிக்க வேண்டும் என்பதால் யாரும் தொடவில்லை.

நேற்று மாலை ஐந்து மணிக்குத் தாயார் அவனுடைய பொருட்களை வாங்கிக்கொள்ளத் துறைக்கு வந்தார். ஷூ, இரண்டு பனியன், அந்தத் துண்டு. துண்டை எடுத்து நாலாக மடித்தார், முத்திரை உள்ளே போகும்படி மடித்தார். பிறகு நான் கையில் கொடுத்த உத்தரவுத் தாளைப் படித்தார். படிப்பைத் தொடரலாம் என்ற இடத்தில் விரலை வைத்தார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவர் அதைக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"அவன் கை தூக்கலையா மாஸ்டர்?"

அவன் கை தூக்கினால் நிறுத்துவேன் என்று அவரிடம் சொன்னவன் நான். அவன் இறந்ததைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டும் யாரும் வரவில்லையா என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இல்லம்மா என்றேன். அப்போது அவர், அவனுக்கு ரோஷம் ஜாஸ்தி, முடியலைன்னு சொல்லவே மாட்டான், சின்னதிலிருந்தே அப்படி, என் வளர்ப்புதான் என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். பழியை அவனுக்கும் தனக்குமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் வைக்கவில்லை. வாசலைத் தாண்டியதும் திரும்பி வந்து, நீங்க அவனுக்காக அவ்வளவு பேசினீங்க, மனசைப் போட்டு வருத்திக்காதீங்க என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

அந்தத் தேற்றுதலோடு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. மனைவியிடம் சொன்னேன். போய்ச் சொல்லிட்டு வாங்க என்றாள்.

வேலை போகட்டும், வழக்கு நடக்கட்டும், அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வாக்குமூலத்தில் தாயாருக்கு வேண்டிய வரி ஒன்றுதான். அதைத் தனியாக எழுதி, அதிகாரி முன்னிலையில் அவருக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வாயால் சொல்லப் போனால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்த வரி இது:

கை தூக்கினான் அம்மா. நான் பார்த்தேன்.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். ஓர் இடத்தில் 'மாணவன் ஓடினான்' என்று இருந்ததை 'ஓட வைத்தேன்' என்று திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருக்கிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி, உண்மை.

(கையொப்பம்)
தடகளப் பயிற்சியாளர்